வேரியோ பேசுகிறது, செல்போன் கேட்கவில்லை: கேள்வி பதில்

சென்ற ஞாயிற்றுக்கிழமை புதுச்சேரி முத்தியால்பேட்டையில் என் வீட்டு மொட்டை மாடியில் ஐந்து பேர் கூடி, ஏலகிரிப் பாராகிளைடிங் பயணத்துக்கு முன் வேரியோமீட்டர்களைச் செல்போனோடு இணைத்துப் பார்த்தோம். வேரியோ என்பது பறக்கும்போது ஏறும், இறங்கும் வேகத்தைப் பீப் ஒலியால் சொல்லும் சிறு கருவி. மூன்று இணைந்தன, இரண்டு முரண்டு பிடித்தன. அன்று கேட்டவையும் அதன் பிறகு வந்து சேர்ந்தவையும் கீழே இருக்கின்றன. எனக்குத் தொழில் மின்னணுச் சாதனங்களைப் பழுது பார்ப்பது, பறப்பது விருப்பம். பதில்களில் இரண்டும் கலந்திருக்கும்.

லாஸ்பேட்டையிலிருந்து, புதிதாகப் பாராகிளைடிங் கற்பவர்: அண்ணா, என் போனிலேயே காற்றழுத்த சென்சார் இருக்கிறது. தனியாக வேரியோ வாங்கத்தான் வேண்டுமா?

கற்கும்போது தேவையில்லை, தம்பி. முதல் பத்துப் பதினைந்து பறத்தலில் உங்கள் கண் தரையிலும் இறக்கையிலும்தான் இருக்க வேண்டும்.

தெர்மலை, அதாவது மேலெழும் சூடான காற்றை, தேட ஆரம்பித்ததும் கதை மாறுகிறது. கடல் மட்டத்துக்கு அருகே ஏறக்குறைய 8.4 மீட்டர் ஏறினால் காற்றழுத்தம் 1 ஹெக்டோபாஸ்கல் (100 பாஸ்கல்) குறையும். அதாவது ஒரு மீட்டருக்கு 12 பாஸ்கல்தான். வேரியோக்களில் பரவலாக இருக்கும் எம்எஸ்5611 சென்சார் 10 சென்டிமீட்டர் உயர மாற்றத்தைக்கூடக் கண்டுகொள்ளும். இடுப்பிலிருந்து தலைக்கு மேல் தூக்கினாலே பீப் அடிக்கிறது என்றால் காரணம் அதுதான். போனிலும் சென்சார் உண்டு. ஆனால் அது உறைக்குள், சூட்டில், முகத்தில் அடிக்கும் காற்றில் கிடக்கிறது. விலை குறைந்த பல போன்களில் அதுவும் இல்லை. அப்போது போனில் உள்ள பறப்புச் செயலி ஜிபிஎஸ் உயரத்தை நம்பியாக வேண்டும். அது பெரும்பாலும் நொடிக்கு ஒருமுறைதான் வரும், உயரத்தில் பிழையும் கூடுதல்.

பாராகிளைடர் நொடிக்குச் சுமார் 10 மீட்டர் போகிறது. பீப் இரண்டு நொடி தாமதித்தால் நீங்கள் 20 மீட்டர் கடந்திருப்பீர்கள். சிறிய தெர்மலில் பாதி அதற்குள் போய்விடும்.

நெல்லிக்குப்பத்திலிருந்து: பழைய வேரியோ ஒன்று கைமாறி வந்தது. தம்பியின் ஆண்ட்ராய்டு போனில் உடனே தெரிகிறது. என் ஐபோனில் எத்தனை முறை தேடினாலும் காணவில்லை. போன் பழுதா?

பழுது இல்லை. புளூடூத் என்று ஒரே பெயரில் இரண்டு வழிகள் இருக்கின்றன. பழைய வழி கிளாசிக். அதில் வேரியோ ஒரு சீரியல் கம்பி போல நடிக்கும். புதிய வழி குறைமின் புளூடூத், பெட்டியில் பிஎல்இ அல்லது 4.0 என்று போட்டிருப்பார்கள். ஆண்ட்ராய்டு இரண்டையும் ஏற்கும். ஐபோனில் கிளாசிக் சீரியல் வழியைச் சாதாரணச் செயலிகள் திறக்க முடியாது. ஆப்பிளின் சான்று பெற்ற சாதனங்களுக்கு மட்டுமே அந்தக் கதவு. உங்கள் வேரியோவில் பிஎல்இ இல்லையென்றால் எந்த அமைப்பை மாற்றியும் பயனில்லை. பழைய ஆண்ட்ராய்டு போன் ஒன்றைப் பறப்பதற்கென்று ஒதுக்கிவிடுங்கள். பிஎல்இ வேரியோ வாங்குவதானால் ஐபோனுக்கு ஃப்ளைஸ்கைஹை நல்ல செயலி.

வில்லியனூர்க் கல்லூரி மாணவர்: ஆண்ட்ராய்டுதான், வேரியோவும் பிஎல்இதான். ஆனாலும் எக்ஸ்சிட்ராக் என்ற பறப்புச் செயலி அதைக் காண்பதில்லை. போன் அமைப்பில் ஜோடி சேர்த்துவிட்டேனே!

ஜோடி சேர்த்தது உதவாது; வேறு யாராவது வேரியோவைப் பிடித்து வைத்திருக்கலாம். அன்று மாடியில் முரண்டு பிடித்த இரண்டில் ஒன்று இப்படித்தான். வேரியோவின் நீல விளக்கு சிமிட்டாமல் அசையாது எரிந்துகொண்டிருந்தது. அந்த மாடலில் சிமிட்டினால் ஆள் தேடுகிறது என்று பொருள், நிலையாக எரிந்தால் யாரிடமோ பேசிக்கொண்டிருக்கிறது. யாரிடம்? அதைக் கொண்டுவந்த பையனின் போனில் வேரியோ நிறுவனத்தின் சொந்தச் செயலி பின்னணியில் திறந்தே கிடந்தது. காலையில் ஒலி அளவை மாற்றத் திறந்தவர் மூட மறந்துவிட்டார். பிஎல்இ வேரியோக்களில் பெரும்பாலானவை ஒரு நேரத்தில் ஒருவரிடம்தான் பேசும். பிடித்த கையை விடும்வரை மற்றவருக்குக் கண்ணில்கூடப் படாது. அந்தச் செயலியைக் கட்டாயமாக நிறுத்தியதும் விளக்கு சிமிட்ட ஆரம்பித்தது. அடுத்த தேடலில் பெயர் வந்துவிட்டது.

பிஎல்இ வேரியோவைப் பொதுவாகப் போன் அமைப்பில் ஜோடி சேர்க்கவே வேண்டாம், செயலிக்குள்ளிருந்தே தேடுங்கள். கிளாசிக் வேரியோவுக்கு நேர்மாறு: முதலில் போன் அமைப்பில் ஜோடி சேர்க்க வேண்டும். ரகசிய எண் கேட்டால் பெரும்பாலும் 1234 அல்லது 0000.

அனுமதியையும் பாருங்கள். ஆண்ட்ராய்டு 6 முதல் 11 வரை இருப்பிட அனுமதி தராவிட்டால் பிஎல்இ தேடல் நடக்காது. இருப்பிடச் சேவையையும் போட்டு வையுங்கள். 12 முதல் 'அருகிலுள்ள சாதனங்கள்' என்ற தனி அனுமதி வந்துவிட்டது. அவசரத்தில் ஒருமுறை 'மறு' என்று தட்டியிருந்தால் செயலி திரும்பக் கேட்காமலே இருக்கலாம். நீங்களே போய்த் திறந்துவிட வேண்டும்.

அரியாங்குப்பத்திலிருந்து: இணைந்துவிட்டது என்று பச்சையாகக் காட்டுகிறது. ஆனால் ஏற்ற வேகம் இருக்க வேண்டிய இடத்தில் வெறும் கோடு. என்ன செய்வது?

தொலைபேசி மணி அடித்து எடுத்தாயிற்று, மறுமுனையில் பேசுபவரின் மொழி புரியவில்லை. வேரியோக்கள் வாக்கியம் வாக்கியமாகப் பேசும். இன்று பரவலான வாக்கியம் எல்கே8இஎக்ஸ்1. எல்கே8000 என்ற பறப்புச் செயலியிலிருந்து வந்த பெயர். மாடியில் ஒரு வேரியோ அனுப்பியதை அப்படியே பார்த்தோம்:

எல்கே8இஎக்ஸ்1, 100980, 99999, 45, 31, 1087

முதல் எண் அழுத்தம், பாஸ்கலில்: 1009.8 ஹெக்டோபாஸ்கல். 99999 என்றால் 'உயரத்தை நான் சொல்லவில்லை, அழுத்தத்திலிருந்து நீயே கணக்கிட்டுக்கொள்' என்று பொருள். 45 ஏற்ற வேகம், நொடிக்கு 45 சென்டிமீட்டர். அந்த நேரத்தில் ஒருவர் வேரியோவைக் கையில் பிடித்தபடி தண்ணீர்த் தொட்டியின் ஏணியில் ஏறிக்கொண்டிருந்தார். 31 வெப்பநிலை. 1087 பேட்டரி: விழுக்காட்டில் சொல்வதானால் ஆயிரத்தைக் கூட்டி அனுப்ப வேண்டும் என்பது விதி, ஆக 87 விழுக்காடு. கடைசியில் பிழை சரிபார்க்க இரண்டு எழுத்து வரும்.

புளூஃப்ளை வேரியோவுக்குச் சொந்தமாக ஒரு மொழி உண்டு. நொடிக்கு 50 முறை வெறும் அழுத்தத்தை மட்டும் அனுப்பும். எந்த மொழி என்பதை வேரியோவின் அமைப்பில் மாற்றலாம்; குழப்பமாக இருந்தால் எல்கே8இஎக்ஸ்1 வைத்துவிடுங்கள். எக்ஸ்சிசோர் என்ற பறப்புச் செயலியில் சாதனப் பட்டியலுக்குப் போய் அந்த மொழியைப் படிக்கும் டிரைவர் மென்பொருளைத் தேர்ந்தெடுக்க வேண்டும், தவறான டிரைவர் என்றால் இதே வெறும் கோடுதான். எக்ஸ்சிட்ராக்கில் வெளிச் சென்சாரை இணைத்தால் மட்டும் போதாது. அதன் காற்றழுத்தத்தைப் பயன்படுத்து என்ற கட்டத்திலும் டிக் வேண்டும். பக்கத்திலேயே வெளி ஜிபிஎஸ் என்ற கட்டம் இருக்கும். உங்கள் வேரியோவில் ஜிபிஎஸ் இல்லையென்றால் அதைத் தொடாதீர்கள். தொட்டால் வராத இருப்பிடத்துக்காகச் செயலி காத்திருக்கும்.

அதே நண்பர்: இரண்டும் பீப் அடிக்கின்றன, முன்பின்னாக.

போனின் ஒலியை நிறுத்துங்கள். சென்சாருக்குப் பக்கத்தில் இருப்பவன் சொல்வதே முதலில் வரும்.

கடலூர் முதுநகரிலிருந்து, ஓய்வு பெற்ற ஆசிரியர்: என் மகன் வேரியோவை மேசைமேல் வைத்துவிட்டு வேலைக்குப் போய்விட்டான். காலை பத்து மணிக்கு 4 மீட்டர் காட்டியது. மாலை நான்கு மணிக்கு 27. வீடு உயர்ந்துவிட்டதா?

ஐயா, மிக நல்ல கேள்வி. கடல் நீர் ஏறி வற்றுவது போலக் காற்றழுத்தமும் ஏறி இறங்கும். நம்மைப் போன்ற வெப்ப நாடுகளில் அழுத்தம் நாள்தோறும் காலை, இரவு பத்து மணி வாக்கில் உச்சிக்குப் போகும். விடியற்காலை, மாலை நான்கு மணி வாக்கில் தாழும். பகல் வித்தியாசம் 3 ஹெக்டோபாஸ்கல் என்றால் 25 மீட்டர் கணக்காகிறது. கருவி சரியாகத்தான் வேலை செய்கிறது. 2011 டிசம்பர் 30 அன்று தானே புயல் உங்கள் ஊருக்கும் எங்கள் ஊருக்கும் நடுவே கரையேறியதே, அன்று மேசைமேல் ஒரு வேரியோ இருந்திருந்தால் நூற்றுக்கணக்கான மீட்டர் மேலே பறப்பதாக நினைத்திருக்கும். ஆகவே ஒவ்வொரு முறையும் புறப்படும் இடத்தின் உயரத்தைச் செயலியில் திருத்திக்கொள்ள வேண்டும் என்று மகனிடம் சொல்லுங்கள்.

அறைக் கதவைப் படாரெனச் சாத்தினால் அது பீப் அடிப்பதையும் கேட்டிருப்பீர்கள். அறைக் காற்று ஒரு கணம் அழுந்தித் தளர்கிறது, அவ்வளவுதான்.

பாகூரிலிருந்து: அரை மணி நேரம் பறந்ததும் இணைப்பு அறுந்துவிடுகிறது.

பேட்டரியைச் சேமிக்கிறேன் என்று போன் பின்னணிச் செயலிகளைக் கொல்கிறது. பறப்புச் செயலிக்குப் பேட்டரிக் கட்டுப்பாடு இல்லை என்று மாற்றுங்கள், பறக்கும்போது திரையை அணைக்காதீர்கள்.

காலாப்பட்டு, பொறியியல் மாணவி: ஈஎஸ்பி32 என்ற புளூடூத் உள்ள சிப்பை வைத்து நானே வேரியோ செய்கிறேன், அண்ணா. எதில் கவனம் வேண்டும்?

வாழ்த்துகள், தங்கச்சி. முதலில் சிப். முதல் ஈஎஸ்பி32-இல் கிளாசிக், பிஎல்இ இரண்டும் உண்டு. சி3, எஸ்3 வகைகளில் பிஎல்இ மட்டுமே. சென்னை ரிச்சி தெருவில் வாங்கும்போது பலகையின் பெயரைப் படித்துப் பாருங்கள். சென்சாருக்கு ஜிஒய்-63 பலகை போதும், அதில் எம்எஸ்5611 இருக்கிறது. அதன்மேல் வெயில் நேராகப் பட்டால் அளவு குதிக்கும், காற்று அடித்தாலும் குதிக்கும். ஒரு துண்டுக் கறுப்பு ஸ்பாஞ்ச் இரண்டுக்கும் மருந்து.

பிஎல்இ வழக்கமாக ஒரு தடவைக்கு 20 பைட்டுகளைத்தான் சுமக்கும். எல்கே8இஎக்ஸ்1 வாக்கியம் அதைவிட நீளம், எனவே துண்டாகிப் போகும். வரி முடிவுக் குறியைக் கண்டதும்தான் செயலி துண்டுகளை ஒட்டிப் படிக்கும். அந்தக் குறியை மறந்து ஒரு வாரம் தலையைப் பிய்த்துக்கொண்டவன் நான். நொடிக்குப் பத்து வாக்கியம் தாராளம்.

அதே மாணவி: செய்து முடித்ததும் எங்கே சோதிப்பது? செஞ்சிக் கோட்டை ஏறலாமா?

அருமையான இடம். ராஜகிரி ஏறக்குறைய 240 மீட்டர். அடிவாரத்தில் சுழியம் வைத்துவிட்டு ஏறுங்கள். உச்சியில் 225 அல்லது 230 காட்டினால் நிரலில் பிழை தேடாதீர்கள். உயரக் கணக்கு கடல் மட்டத்தில் 15 டிகிரி வெப்பநிலையை வைத்துப் போடப்படுகிறது; நம் ஊர்ச் சூட்டில் காற்று மெலிந்திருப்பதால் ஐந்தாறு விழுக்காடு குறைத்துத்தான் காட்டும். ஜிபிஎஸ் உயரத்தையும் பக்கத்தில் குறித்துக்கொள்ளுங்கள். காலையிலேயே ஏறிவிடுங்கள். வேரியோவைப் பைக்குள் வையுங்கள். அங்கே குரங்குகள் அதிகம், உங்களைவிட வேகமாக ஏறுபவை.