கம்பெனி டாக்காவுக்குப் போனால் பாப்பாவின் படிப்பு என்ன ஆகும்?

அன்புள்ள அண்ணாவுக்கு,

போன வாரம் மேற்படிப்புக்கு யோசனை கேட்கப் பாப்பாவைக் கூட்டிக்கொண்டு என்னிடம் வந்தீர்கள். கிளம்பும்போது, செருப்பை மாட்டிக்கொண்டே கேட்டீர்கள்: "ஏனுங்க சார், ஆர்டரெல்லாம் பங்களாதேசுக்குப் போய்ட்டிருக்குது. இருபத்திரண்டு வருசமா திருப்பூர்ல பேட்லாக் தையல் மிஷின் ஓட்டுறேன், எனக்குத் தெரியாதுங்களா? இவ போய் டெக்ஸ்டைல் படிக்கிறேங்கறா." அடுத்த பையன் வெளியே காத்திருந்தான். ஏதோ சொல்லி அனுப்பிவிட்டேன். அது உறுத்தலாகவே இருந்தது, அதனால்தான் இதை எழுதுகிறேன்.

நீங்கள் பயப்படுவதில் நியாயம் இருக்கிறது. ஆனால் ஆர்டர் ஏன் போகிறது என்று கேட்டபோது, "அங்க கூலி கம்மிங்க" என்று ஒரே வரியில் முடித்துவிட்டீர்கள். அது பாதி விடைதான். மீதிப் பாதியில்தான் பாப்பாவின் வேலை இருக்கிறது.

உங்கள் கம்பெனி ஆபீசில் ஒரு காஸ்டிங் ஷீட் இருக்கும், ஒரு பீசுக்கு ஆகும் செலவுக் கணக்கு. சாதாரண வெள்ளை ரவுண்ட் நெக் டி-ஷர்ட்டையே எடுத்துக்கொள்வோம். நூல் விலை, நிட்டிங் (நூலைத் துணியாகப் பின்னுவது), சாயம், காம்பாக்டிங் (துணி பிறகு சுருங்காமல் அழுத்தி எடுப்பது), கட்டிங்கில் போகும் வேஸ்ட், தையல், செக்கிங், அயர்ன், பேக்கிங், லேபிள், பாலிபேக், அட்டைப்பெட்டி, தூத்துக்குடி வரை லாரி வாடகை, வங்கி வட்டி என்று வரிசையாகப் போகும். இதில் உங்கள் உழைப்பு 'தையல்' என்கிற ஒரே வரி. பாதிக்கு மேல் துணிக்கே போய்விடும். இன்னொரு நாட்டோடு கூலியில் போட்டி போடுவது அந்த ஒரு வரியில் மட்டும்தான். மற்ற வரிகளில் கணக்கே வேறு.

பங்களாதேசின் கதையையே பாருங்கள். 1970களின் கடைசி வரை அங்கே ஏற்றுமதிக்குத் தைக்கும் கம்பெனி என்று சொல்லிக்கொள்ள அதிகம் இல்லை. தென்கொரியாவின் டேவூ கம்பெனி அங்கே போனதற்குக் கூலி மட்டும் காரணமில்லை. அப்போது எந்த நாடு எவ்வளவு துணி அனுப்பலாம் என்று அமெரிக்காவும் ஐரோப்பாவும் கோட்டா வைத்திருந்தன. 1974ல் வந்த அந்த ஏற்பாடு 2004 கடைசி வரை இருந்தது. கொரியாவை அந்தக் கோட்டா இறுக்கிப் பிடித்தது. பங்களாதேசுக்கு அந்தத் தொல்லை இல்லை. எனவே சிட்டகாங்கில் தேஷ் கார்மென்ட்ஸ் என்ற கம்பெனியோடு டேவூ கைகோத்தது. 1979ல் அங்கிருந்து 130 பேரைக் கொரியாவின் பூசான் நகரத்துக்குக் கூட்டிப்போய்ப் பல மாதம் பயிற்சி கொடுத்தார்கள்.

பாப்பாவுக்கு இந்த இடத்தைப் படித்துக் காட்டுங்கள். அந்த 130 பேரில் 115 பேர் அடுத்த பத்து வருடத்தில் தேஷை விட்டு வெளியேறிவிட்டார்கள். சிலர் சொந்தமாகக் கம்பெனி வைத்தார்கள், சிலர் புதுக் கம்பெனிகளை நடத்தப் போனார்கள். இன்று சீனாவுக்கு அடுத்த இடத்துக்கு வியட்நாமோடு மல்லுக்கு நிற்கிறதே அந்தத் தொழில், அது அவர்களிடமிருந்து கிளைத்ததுதான். மிஷின் ஓட்ட மட்டும் கற்றுக்கொண்டு திரும்பியிருந்தால் இது நடந்திருக்காது. லைன் (தையல் மிஷின் வரிசை) எப்படிப் போடுவது, மெட்டீரியல் எப்படி வரவழைப்பது, சரக்கு வாங்கும் பையரிடம் எப்படிப் பேசுவது என்று மொத்தத்தையும் கற்றுக்கொண்டு வந்தார்கள்.

அடுத்தது சுங்கவரி. ஐரோப்பாவுக்குப் போகும் பங்களாதேஷ் துணிக்கு, வளர்ச்சி குன்றிய நாடு என்ற சலுகையில் 2001 முதல் சுங்கவரியே கிடையாது. அதே டி-ஷர்ட் திருப்பூரிலிருந்து போனால் 2025 வரை பல வருடங்களாக 9.6 சதவீதம் இருந்தது. நூறு ரூபாய்ச் சரக்கில் ஒன்பதரை ரூபாய். இதை உங்கள் தையல் கூலியைக் குறைத்து ஈடுகட்ட முடியுமா, சொல்லுங்கள்? கூலிச் சண்டை வரும்போதெல்லாம் "பங்களாதேசைப் பாரு" என்று முதலாளிகள் சொல்வதைக் கேட்டிருப்பீர்கள். இந்த ஒன்பதரையைப் பற்றி அப்போது யாரும் வாய் திறப்பதில்லை. இதை எழுதியே ஆகவேண்டும் என்று தோன்றியது.

கூலி மட்டும்தான் காரணம் என்றால் உலகத்துத் துணியெல்லாம் எத்தியோப்பியாவுக்குப் போயிருக்க வேண்டும். அங்கே ஹவாசா என்ற ஊரில் 2016ல் பெரிய தொழிற்பூங்கா திறந்தார்கள். ஆரம்பச் சம்பளம் மாதம் 26 டாலர் அளவில்தான் இருந்தது. பெரிய பிராண்டுகள் வந்தன, இந்தியக் கம்பெனிகளும் போயின. உள்நாட்டுப் போரைக் காரணம் காட்டி 2022 ஜனவரி 1 முதல் எத்தியோப்பியச் சரக்குக்குக் கொடுத்துவந்த வரிச் சலுகையை அமெரிக்கா நிறுத்தியது. சலுகை போகப்போகிறது என்று தெரிந்ததுமே பெரிய முதலீட்டாளர்கள் கடையைக் கட்டத் தொடங்கினார்கள். அவ்வளவு குறைந்த கூலியாலும் அவர்களைப் பிடித்து நிறுத்த முடியவில்லை.

கூலியும் ஒரே இடத்தில் நிற்காது. பங்களாதேசில் பனியன் கம்பெனித் தொழிலாளியின் குறைந்தபட்சச் சம்பளம் 8,000 டாக்காவிலிருந்து (அந்த நாட்டுப் பணத்தின் பெயரும் டாக்காதான்) 2023 டிசம்பரில் 12,500 டாக்கா ஆனது. தெருவில் இறங்கிப் போராடித்தான் அதையும் வாங்கினார்கள். 2013ல் ராணா பிளாசா கட்டிடம் இடிந்து 1,100 பேருக்கு மேல் செத்த பிறகு, கட்டிடப் பாதுகாப்புக்கும் அங்கே செலவு ஏறியது. நம் பக்கமும் 2025 ஆகஸ்டில் ஒரு அடி விழுந்தது. இந்தியச் சரக்குக்கு அமெரிக்கா 50 சதவீத வரி போட்டது, பங்களாதேசுக்கு 20. உங்கள் ஊரில் அந்த மாதம் எப்படி இருந்தது என்று நான் சொல்ல வேண்டியதில்லை.

இனி பாப்பாவின் விஷயம். தையல் என்ற அந்த ஒரு வரி இடம் மாறிக்கொண்டேதான் இருக்கும். வெளிநாட்டுக்கு மட்டுமில்லை, உள்நாட்டிலும்தான். உங்கள் முதலாளியே ஒடிசாவில் யூனிட் போடுவதாகச் சொன்னீர்களே. அந்த வரியை நம்பி அவளை நான் அனுப்பச் சொல்லவில்லை. மற்ற வரிகளுக்குக் கணக்குப் போடத் தெரிந்த ஆள் தட்டுப்பாடாகவே இருக்கிறார். ஒரு பீஸ் தைக்க எத்தனை நிமிடம், லைனில் எங்கே தேங்குகிறது என்று பார்க்கும் இண்டஸ்ட்ரியல் இன்ஜினியரிங், சாய லேப், குவாலிட்டி, பையரிடம் ஆர்டர் பேசி முடித்து அனுப்பும் மெர்ச்சண்டைசிங் எல்லாம் அதில் வரும். கம்பெனி இடம் மாறினாலும் இந்த ஆட்களைக் கூடவே கூட்டிப்போகிறார்கள். பங்களாதேஷ் கம்பெனிகளில் இந்தியர்களும் இலங்கைக்காரர்களும் மேனேஜர்களாக இருப்பது இப்படித்தான்.

இதில் நானே ஒருமுறை சறுக்கியிருக்கிறேன். 2011 ஜனவரியில் நொய்யல் ஆற்று மாசு வழக்கில் ஐகோர்ட் உத்தரவால் திருப்பூர் சாயப்பட்டறைகள் மூடப்பட்டபோது, டெக்ஸ்டைல் கெமிஸ்ட்ரி கேட்டு வந்த ஒரு பையனிடம், "இந்தத் தொழில் முடிஞ்சுதுப்பா, வேற பாரு" என்றேன். முடியவில்லை. ஒரு சொட்டுக் கழிவுநீரும் வெளியே விடக்கூடாது என்றானபோது, கழிவுநீரைச் சுத்திகரிக்கும் ஆர்.ஓ., எவாப்பரேட்டர் மிஷின்களையெல்லாம் ஓட்ட ஆள் வேண்டியிருந்தது. தண்ணீரைத் திரும்ப எடுக்கும் அந்தச் செலவு திருப்பூருக்குப் பாரமாக இருந்தது உண்மை. ஆனால் இப்போது ஐரோப்பிய பையர்கள் கேட்பதே அதைத்தான். அந்தப் பையன் வேறு துறைக்குப் போய் நன்றாகத்தான் இருக்கிறான், இருந்தாலும் அன்று நான் சொன்னது தப்பு.

பாப்பா கணக்கு எடுத்துப் படித்திருக்கிறாள். டி.என்.இ.ஏ. (தமிழ்நாடு இன்ஜினியரிங் சேர்க்கை) கலந்தாய்வில் டெக்ஸ்டைல் டெக்னாலஜியை முன்னால் போடலாம். சென்னை ஏ.சி. டெக் (அழகப்பா தொழில்நுட்பக் கல்லூரி), கோவையில் பி.எஸ்.ஜி., குமரகுரு, சத்தியமங்கலம் பண்ணாரி அம்மன் ஆகியவற்றைப் பாருங்கள். கட்ஆப் எட்டவில்லை என்றால் திருப்பூரிலேயே நிப்ட்-டீ கல்லூரி இருக்கிறது. பேஷன் டிசைன் என்று பளபளப்பாக விளம்பரம் போட்டு லட்சக்கணக்கில் கேட்கும் இடத்துக்குக் கடன் வாங்கிப் போகவே வேண்டாம். எந்தக் கல்லூரியானாலும் நேரில் போய், சாய லேப் ஓடுகிறதா அல்லது பூட்டிக் கிடக்கிறதா என்று எட்டிப் பாருங்கள். மூன்றாம் வருடம் மாணவர்களை எந்தக் கம்பெனிக்கு, எத்தனை வாரம் அனுப்புகிறார்கள் என்று கேளுங்கள்.

அவளிடம் இன்னொன்றும் சொல்லுங்கள். திருப்பூர் பெரும்பாலும் பருத்தி ஊர். உலகத்தில் அதிகம் விற்பது பாலியஸ்டர் போன்ற செயற்கை இழை, அதில் சீனாவும் வியட்நாமும் முன்னால் நிற்கின்றன. விளையாட்டு உடைத் துணி, பாலியஸ்டர் சாயம் தெரிந்தவர் இங்கே குறைவு. விருப்பப் பாடமோ புராஜெக்டோ எடுக்கும்போது அந்தப் பக்கம் சாயட்டும்.

கம்ப்யூட்டர் சயின்ஸ்தான் வேண்டும் என்று அவளே கேட்டால் நான் குறுக்கே வரமாட்டேன். அவள் கேட்கவில்லை. அன்று மேஜையில் கிடந்த பனியனைத் திருப்பி, உள்தையலை விரலால் தடவி, "அப்பா, இது நீங்க ஓட்டுற மிஷின்தானே?" என்றாள். நீங்கள் அப்போது போனில் பேசிக்கொண்டிருந்தீர்கள்.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை பத்தரைக்கு இரண்டு பேரும் வாங்க. முதலாளி கொடுத்தால் ஒரு பழைய காஸ்டிங் ஷீட், விலையை மறைத்துவிட்டாலும் பரவாயில்லை, எடுத்து வாங்க. தையல் வரிக்கு எத்தனை நிமிடம் என்று நீங்கள் சொல்லுங்கள், மீதி வரிகளை அவளைவிட்டே நிரப்பச் சொல்லிப் பார்க்கலாம்.