பன்னிரண்டு நாளில் ஏழு நாடு வேண்டாம்

தங்கச்சி, உன் கேள்வியைப் படித்ததும் சந்தோஷமாக இருந்தது. நான் அம்பாசமுத்திரம், நீ ஆற்றுக்கு அக்கரையில் கல்லிடைக்குறிச்சி. போன அக்டோபரில் ஜெர்மனியில் ஸ்டுட்கார்ட்டுக்குப் படிக்க வந்திருக்கிறாய். கங்கைகொண்டானில் வேலை பார்க்கும் உன் தோழி ஜூலையில் பன்னிரண்டு நாள் லீவு போட்டு வருகிறாள். பாரிஸ், பிரஸ்ஸல்ஸ், ஆம்ஸ்டர்டாம், ப்ராக், வியன்னா, வெனிஸ், கடைசியாக சுவிட்சர்லாந்தில் ஒரு பனிமலை. இது முடியுமா, ரயில் பாஸ் எடுக்கலாமா, வீட்டில் என்ன சொல்வது என்று கேட்டிருக்கிறாய்.

முடியும். ஆனால் செய்யாதே என்பதுதான் என் பதில். ஒரே மத்தியானத்தில் மெயினருவி, ஐந்தருவி, பழைய குற்றாலம் மூன்றுக்கும் போய் வந்தேன் என்று ஒருவர் சொன்னால், அவர் எதிலும் நின்று குளிக்கவில்லை என்று நமக்குத் தெரியும். ஏழு நாட்டுத் திட்டமும் அப்படித்தான். ஒவ்வொரு ஊர் மாறும்போதும் அரை நாளுக்கு மேல் போய்விடும். அறையைக் காலி செய்து, பெட்டியை இழுத்துக்கொண்டு ஸ்டேஷனுக்குப் போய், அடுத்த ஊரில் மூன்று மணிக்கு அறை திறக்கும்வரை உட்கார்ந்திருக்க வேண்டும்.

நான் போடும் கணக்கு இது. அவள் திருவனந்தபுரத்திலிருந்து வளைகுடா வழியாக நேரே பாரிஸில் வந்து இறங்கட்டும். நீ ரயிலில் போய் அவளைக் கூட்டிக்கொள். ஸ்டுட்கார்ட்டிலிருந்து பாரிஸுக்கு நேரடி ரயில் மூன்று மணி நேரத்துக்குச் சற்று மேல்தான். பாரிஸில் மூன்று இரவு, உன் ஊரில் ஐந்து இரவு, வியன்னாவில் மூன்று இரவு. வியன்னாவிலிருந்தே அவள் விமானம் ஏறட்டும். போக ஒரு ஊர், வர ஒரு ஊர் என்று ஒரே டிக்கெட்டாகப் போடலாம். வந்த வழியே திரும்ப வேண்டிய செலவு மிச்சம்.

உன் ஊரில் ஐந்து இரவா என்று அவள் முகம் சுளிக்கலாம். விட்டுக்கொடுக்காதே. அவள் பார்க்க வருவது ஐரோப்பாவை மட்டுமில்லை, நீ எப்படி இருக்கிறாய் என்பதையும்தான். நீ சாமான் வாங்கும் கடை, படிக்கும் நூலகம், ஞாயிற்றுக்கிழமை கடையெல்லாம் பூட்டிக் கிடக்கும் தெரு எல்லாவற்றையும் காட்டு. பக்கத்திலேயே ட்யூபிங்கன், ஹைடல்பெர்க் இருக்கின்றன. நீண்ட காலம் உலகிலேயே உயரமான தேவாலயமாக இருந்த உல்ம் கோபுரம், 161 மீட்டருக்கு மேல், ரயிலில் ஏறினால் வந்துவிடும். ஒரு நாள் சுவிஸ் எல்லையில் ஷாஃப்ஹவுசன் பக்கம் உள்ள ரைன் அருவிக்குக் கட்டாயம் போங்கள். உயரம் 23 மீட்டர்தான், ஆனால் அகலம் 150 மீட்டர். சாரல் முகத்தில் அடிக்கும். குற்றால சீசனை விட்டுவிட்டு வரும் பிள்ளைக்கு அது வேண்டும். மறக்காதே, ஒரே விசாவில் சுற்றக்கூடிய ஐரோப்பிய நாடுகளின் கூட்டமான ஷெங்கனில் சுவிட்சர்லாந்து உண்டு, ஐரோப்பிய ஒன்றியத்தில் இல்லை. அதனால் உன் ஜெர்மன் சிம்மின் ரோமிங் அங்கே இலவசம் என்று எண்ணி வீடியோ கால் போடாதே. முதலில் பிளானைப் பார்.

இனி விசா. இங்கேதான் நீங்கள் இருவரும் ஒன்றில்லை. உன் ரெசிடென்ஸ் பெர்மிட்டும் பாஸ்போர்ட்டும் கையில் இருந்தால் மற்ற ஷெங்கன் நாடுகளில் 180 நாளுக்குள் 90 நாள்வரை சுற்றலாம், தனி விசா வேண்டாம். அவளுக்கு வேண்டும். எந்த நாட்டில் அதிக நாள் தங்குகிறாளோ அந்த நாட்டுக்குத்தான் விண்ணப்பிக்க வேண்டும். முதலில் இறங்கும் நாடு என்பது நாட்கள் சமமாக வந்தால்தான். நம் கணக்கில் ஜெர்மனிக்கு ஐந்து இரவு, அதனால் பாரிஸில் இறங்கினாலும் விண்ணப்பம் ஜெர்மனிக்கே. கட்டணம் 90 யூரோ. மருத்துவச் செலவுக்குக் குறைந்தது 30,000 யூரோ தரும் பயணக் காப்பீடு வேண்டும். பயணத்துக்கு ஆறு மாதம் முன்பிருந்தே விண்ணப்பிக்கலாம். முடிவு பொதுவாக 15 நாளில் வரும், சில சமயம் 45 நாள் வரை இழுக்கும். கைரேகை கொடுக்க அவள் நெல்லையிலிருந்து சென்னைக்குப் போக வேண்டியிருக்கும். கோடைக்கு எல்லோரும் ஒரே நேரத்தில் முண்டுவார்கள், அதனால் தேதியை இப்போதே பிடிக்கச் சொல். சம்பளச் சீட்டு, பேங்க் ஸ்டேட்மென்ட், ஆபீஸ் லீவு கடிதம் இவற்றோடு உன் அழைப்புக் கடிதமும் சேரட்டும். உன் அறையில் விருந்தாளி தங்கலாமா என்று விடுதி மேலாளரிடம் முன்கூட்டியே எழுதிக் கேட்டுவிடு. லண்டன் ஆசை வந்தால் அதற்கு வேறு விசா, வேறு பணம். இந்தத் தடவை விட்டுவிடுங்கள்.

ரயில் பாஸும் உங்களுக்கு ஒன்றில்லை. ஐரோப்பாவில் வசிக்கும் உனக்கு இன்டர்ரெயில், வெளியிலிருந்து வரும் அவளுக்கு யூரெயில். உன் பாஸில் ஜெர்மனிக்குள் இஷ்டம்போலச் சுற்றவும் முடியாது. நாட்டை விட்டுப் போக ஒன்று, திரும்பி வர ஒன்று, அவ்வளவுதான். பிரான்ஸின் அதிவேக ரயிலுக்கு பாஸ் இருந்தாலும் இருக்கைக்குத் தனிப் பணம். நம் திட்டத்தில் நீண்ட பயணங்கள் கொஞ்சம்தான், பாஸ் தேவையே இல்லை. முன்கூட்டியே சலுகை டிக்கெட் எடுங்கள். உள்ளூர்ச் சுற்றலுக்கு இருவருக்கும் சேர்த்து உன் மாநிலமான பாடன்-வூர்ட்டெம்பெர்க்கின் நாள் டிக்கெட் போதும். வார நாளில் காலை ஒன்பதுக்கு மேல்தான் செல்லும்.

பாரிஸில் லூவ்ர் மியூசியம் செவ்வாய்க்கிழமை மூடியிருக்கும். உனக்கு 26 வயது ஆகவில்லை, ஐரோப்பாவில் வசிக்கிறாய், பெர்மிட்டைக் காட்டினால் உனக்கு இலவசம். அவளுக்கு 2026 ஜனவரியிலிருந்து 32 யூரோ. இப்படி வரும் இடத்தில் அவளுக்கு மனசு சங்கடப்படக் கூடாது. யூரோ நூறு ரூபாயைத் தாண்டி நிற்கும் காலம். அவள் ஒவ்வொரு காபிக்கும் ரூபாயில் பெருக்கிப் பார்ப்பாள். அதில் தப்பில்லை. டிக்கெட் எடுக்கும் முன்பே பணத்தைப் பற்றி வெளிப்படையாகப் பேசிவிடுங்கள். சாப்பாட்டுக்கும் உள்ளூர் பயணத்துக்கும் இருவரும் சமமாகப் போட்டு ஒரு பொதுப் பை வைத்துக்கொள்ளுங்கள். ஷாப்பிங் அவரவர் கை. நெருங்கிய சிநேகிதிகளே இப்படிப்பட்ட பயணத்தில் பேச்சு நின்று திரும்பியதைப் பார்த்திருக்கிறேன். பெரும்பாலும் காரணம் பணம், இல்லையென்றால் களைப்பு. அதனால் ஒவ்வொரு ஊரிலும் ஒரு அரை நாள் தனித்தனியாகப் போங்கள். அவளுக்குக் கடைவீதி, உனக்கு மியூசியம் என்றால் அப்படியே ஆகட்டும். சாயந்தரம் சேர்ந்துகொள்ளலாம், ஜூலையில் பாரிஸில் பத்து மணிக்குக் கொஞ்சம் முன்புதான் பொழுது சாயும்.

சோறு இல்லாமல் இருக்க முடியவில்லை என்றால் பாரிஸிலேயே லா ஷப்பெல் பக்கம் போங்கள். ஈழத் தமிழர் கடைகளும் உணவகங்களும் வரிசையாக இருக்கும். நீ வந்து இறங்கும் ஈஸ்ட் ஸ்டேஷனிலிருந்து நடந்தே போகலாம்.

வியன்னாவில் புகழ்பெற்ற அரசு ஓபரா ஜூலை, ஆகஸ்டில் மூடியிருக்கும். அந்த மாதங்களில் நகர மண்டபத்தின் முன் திடலில் ராத்திரி பெரிய திரையில் இசைப் படங்கள் காட்டுவார்கள், காசு கிடையாது. குழாய்த் தண்ணீர் ஆல்ப்ஸ் ஊற்றிலிருந்து வருவது, தைரியமாகக் குடிக்கலாம்.

வெயிலைச் சாதாரணமாக நினைக்காதீர்கள். பாளையங்கோட்டை வெயிலில் வளர்ந்தவளுக்கு 35 டிகிரி என்ன செய்யும் என்று தோன்றும். ஆனால் இங்கே வீடுகளெல்லாம் குளிருக்காகக் கட்டியவை, வாங்கிய சூடு ராத்திரியும் உள்ளேயே நிற்கும். பல விடுதிகளில் மின்விசிறிகூடக் கிடையாது. அறை பிடிக்கும்போது ஏசி இருக்கிறதா என்று பார்த்துப் பிடியுங்கள்.

உன் அம்மாவுக்கு இரண்டு பெண்பிள்ளைகள் தனியாக என்ற கவலை. அது நியாயமான கவலை, கோபப்படாதே. ஹாஸ்டலில் பெண்களுக்கு மட்டுமான அறை உண்டு, அதையே எடுங்கள். ராத்திரி பத்துக்கு மேல் புது ஊரில் போய் இறங்கும்படி ரயில் போடாதீர்கள். எந்தத் தேதியில் எந்த முகவரி என்று ஒரு தாளில் எழுதி இரண்டு வீட்டுக்கும் அனுப்பு. அவசரத்துக்கு எந்த நாட்டிலும் 112. கோடையில் நம் ஊர் மூன்றரை மணி நேரம் முன்னால் இருக்கும், அதனால் இங்கே சாயந்தரம் ஐந்து மணிக்குக் கூப்பிட்டால் அம்மா தூங்கும் முன் பேசிவிடலாம்.

அப்புறம், அவள் பெட்டியில் பருப்புப் பொடி, புளிக்காய்ச்சல் எல்லாம் வரட்டும். நெய்யும் பால்கோவாவும் வேண்டாம். பால் பொருளையும் இறைச்சியையும் வெளிநாட்டிலிருந்து கொண்டுவரத் தடை. விசா தேதி கிடைத்ததும் எனக்கு எழுது. அழைப்புக் கடிதத்தை அனுப்பும் முன் நான் ஒருமுறை படித்துத் தருகிறேன்.