கூட்டிலேயே பொரித்த காட்டு இன வாத்தை வளர்க்கவும் ஏன் இத்தனை கெடுபிடி?

"காட்டில் பிடிக்கவில்லை, வளர்ப்பு ஜோடி இட்ட முட்டையில்தானே பொரித்தது, இதற்கும் சட்டம் எதற்கு?" என்பது கேள்வி. நியாயமான ஆதங்கம்தான். ஆனால் அந்த வாத்தை என் கையில் கொடுத்து, இது எங்கே பொரித்தது என்று கேட்டால் என்னால் சொல்ல முடியாது, எந்த அதிகாரியாலும் முடியாது. ஏரிக்கரைப் புல்லுக்குள் இருந்து முட்டையை எடுத்து வந்து இன்குபேட்டரில் வைத்தாலும் அதே குஞ்சுதான் வரும், மனிதரைக் கண்டு பயப்படாமல் அதே மாதிரி பின்னாலேயே ஓடிவரும். சட்டம் மல்லுக்கட்டுவது உங்கள் வாத்தோடு இல்லை, அந்த ஏரிக்கரை முட்டையோடு.

இதை ஒவ்வொரு நாடும் ஒவ்வொரு விதமாகக் கையாள்கிறது. பிரிட்டனின் 1981 வனவுயிர்ச் சட்டப்படி, அடைப்பில் பிறந்ததென்று காட்டப்பட்ட பறவை 'காட்டுப் பறவை' ஆகாது. காட்ட வேண்டியது வளர்ப்பவர் பொறுப்பு. அதோடு முட்டை இட்ட நேரத்தில் தாய், தகப்பன் இரண்டுமே சட்டப்படி அடைப்பில் இருந்திருக்க வேண்டும், இல்லையென்றால் உங்கள் கூட்டிலேயே பொரித்திருந்தாலும் அது கணக்கில் சேராது. எனக்கு இந்த விதி ரொம்பப் பிடிக்கும், ஏனென்றால் காட்டிலிருந்து ஒரு ஜோடியைத் திருடி அதன் குஞ்சுகளை 'வளர்ப்பு' என்று விற்கும் வழியை ஒரே வரியில் அடைத்துவிடுகிறது.

அமெரிக்காவில் 1918-ன் புலம்பெயர் பறவைச் சட்டத்தின் கீழ் வரும் விதிகள் அடையாளத்தைப் பிடித்துக்கொள்கின்றன. மல்லார்ட் என்ற காட்டு இன வாத்தை அடைப்பில் வளர்க்க அனுமதிச்சீட்டே வேண்டாம், ஆனால் ஆறு வாரம் ஆவதற்குள் அடையாளம் இட்டிருக்க வேண்டும்: வலது காலின் பின்விரலை நீக்கலாம், ஒரு இறக்கையின் நுனி எலும்பை எடுக்கலாம், மூட்டு இல்லாத உலோக வளையம் மாட்டலாம், கால் சவ்வில் பச்சை குத்தலாம். இந்த நான்கையும் ஒரே தட்டில் வைத்திருப்பது சரியில்லை என்பது என் கருத்து. வளையம் இருக்கும்போது விரலை வெட்டுவது எதற்கு? இறக்கை நுனியை எடுத்தால் ஆயுசுக்கும் பறக்க முடியாது.

வளையம் மாட்டுவதை அருகில் இருந்து பார்த்திருக்கிறேன். முன்விரல் மூன்றையும் சேர்த்துப் பிடித்து வளையத்துக்குள் நுழைக்கிறார்கள், பின்விரலைக் காலோடு ஒட்டி மடக்கி, வளையம் தாண்டியதும் விரலை மெல்ல வெளியே எடுத்துவிடுகிறார்கள், குஞ்சு ஒருமுறை உதறிவிட்டுத் தண்ணீர்க் கிண்ணத்துக்கு ஓடிவிடும். சீக்கிரமே மாட்டினால் கழன்று விழும், தள்ளிப்போட்டால் பாதம் பெருத்து உள்ளேயே போகாது. அதனால்தான் அது ஆதாரம் ஆகிறது: வளர்ந்த காட்டு வாத்தைப் பிடித்துவந்து அதன் காலில் சரியான அளவு வளையத்தை மாட்ட முடியாது. ஆனால் திருட்டு முட்டையில் பொரித்த குஞ்சுக்கும் வளையம் ஏறிவிடும் என்பதையும் மறைக்கக்கூடாது, ஆகவே வளையத்தோடு பெற்றோரின் பதிவேடும் வேண்டும்.

இந்தியாவில் கதவு கிட்டத்தட்ட மூடியே இருக்கிறது. 1972 வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் வரையறையில், அட்டவணையில் உள்ள விலங்கு பிடிபட்டதானாலும் அடைப்பிலேயே பிறந்ததானாலும் ஒன்றுதான். முட்டையை எடுப்பதும் வேட்டைக் கணக்கிலேயே வருகிறது. சட்டத்தை மீறி வளர்த்தது அரசின் சொத்து. பண்ணை வாத்து, மணி வாத்து எல்லாம் இதில் சேராது, அவற்றைத் தாராளமாக வளர்க்கலாம்.

திருட்டு மட்டும் காரணம் இல்லை. தப்பிப் போகும் வளர்ப்பு வாத்து சும்மா இருக்காது, காட்டு இனத்தோடு கூடும். ஹவாயின் கொலோவா வாத்து, நியூசிலாந்தின் சாம்பல் வாத்து இரண்டும் மல்லார்டோடு கலந்து கலந்தே தனித்தன்மையை இழந்து வருகின்றன. சொந்த இனமாகவே இருந்தாலும், பல தலைமுறை கூட்டில் தேர்ந்தெடுத்து வளர்த்த ரத்தம் காட்டுக்குள் போவது நல்லதில்லை.

ஆனால் முழுத் தடைதான் தீர்வு என்று சொல்பவர்களோடும் நான் ஒத்துப்போக மாட்டேன். ஹவாயின் நேனே வாத்து 1950 வாக்கில் முப்பது சொச்சம்தான் மிஞ்சியிருந்தது. பறவைப் பாதுகாவலர் பீட்டர் ஸ்காட் இங்கிலாந்தின் ஸ்லிம்பிரிட்ஜில் இருந்த தன் நீர்ப்பறவைக் காப்பகத்துக்கு ஜோடி என்று நினைத்து இரண்டைக் கொண்டுவர, இரண்டுமே முட்டையிட்டன! அப்புறம் ஒரு ஆண் வாத்தை விமானத்தில் வரவழைத்தார்கள். அங்கே பெருகியவற்றின் வாரிசுகள் 1962-ல் மாவி தீவுக்குத் திரும்பின. வாத்து வளர்க்கும் கைப்பழக்கம் எங்கோ உயிரோடு இருந்ததால்தான் அது நடந்தது.

சரி, நீங்கள் என்ன செய்யலாம்? உங்கள் நாட்டில் அனுமதி உண்டென்றால் வாங்கும் முன் வளைய எண்ணையும் பெற்றோரின் ஆவணத்தையும் கேளுங்கள், விற்பவர் மழுப்பினால் விட்டுவிடுங்கள். அனுமதி இல்லையென்றால் காட்டு இன வாத்து வேண்டாம். ஏற்கெனவே கையில் இருந்தால் ஏரியில் கொண்டுபோய் விடாதீர்கள், வனத்துறையிடம் ஒப்படையுங்கள்.