இருவரும் வேலைக்குப் போகும் வீட்டில் ஆசிரியரோடு எப்படித் தொடர்பில் இருப்பது?

பள்ளிக்கு நேரில் போக நேரமே இல்லை, ஆசிரியரோடு எப்படிப் பேசுவது என்று கேட்டிருக்கிறீர்கள். எங்கள் வீட்டிலும் அதே நிலைதான். நான் திருவாரூர் மாவட்டத்தில் நெல் கொள்முதல் நிலையப் பட்டியல் எழுத்தர். மனைவி செவிலியர், இரவுப் பணியும் உண்டு. மகள் உள்ளூர் அரசு நடுநிலைப் பள்ளியில் ஆறாம் வகுப்பு.

வகுப்பு வாட்ஸ்அப் குழு விடுமுறை அறிவிப்புக்கும் வீட்டுப்பாடத்துக்கும் போதும். அத்தனை பெற்றோர் பார்க்க ஒரு பிள்ளையின் குறையை எந்த ஆசிரியர் எழுதுவார்? ஆண்டுத் தொடக்கத்திலேயே தனியாக, "எந்த நேரத்தில் பேசினால் உங்களுக்குத் தொந்தரவில்லை?" என்று கேட்டுவிடுங்கள். மகளின் டீச்சர் கும்பகோணத்திலிருந்து பஸ்ஸில் வந்துபோகிறார். இரவு எட்டு மணிக்கு மேல் குரல் பதிவு அனுப்பச் சொன்னார். அவருக்கும் வீட்டில் பிள்ளைகள் இருக்கிறார்கள் அல்லவா!

கேட்பதைக் குறிப்பாகக் கேளுங்கள். "எப்படிப் படிக்கிறாள்?" என்றால் "பரவாயில்லை" என்றுதான் பதில் வரும். "வேற்றினப் பின்னங்களைக் கூட்டும்போது எந்த இடத்தில் தடுமாறுகிறாள்?" என்று கேட்டேன், பொது மடங்கு காண்பதில்தான் சிக்கல், வாய்ப்பாடு இன்னும் மனதில் நிற்கவில்லை என்று பதில் வந்தது. அன்றிரவே வீட்டில் உட்கார்ந்து செய்வதற்கு ஒரு வேலை கிடைத்தது.

உங்களுக்கு எந்த மாதம் மூச்சுவிட நேரமிருக்காது என்பதையும் முன்கூட்டியே சொல்லிவையுங்கள். எனக்கு அது சம்பா அறுவடை. ஈரப்பதம் 17 சதவீதத்தைத் தாண்டிய நெல்லைக் காயவைக்கச் சொன்னால் விவசாயி சும்மா விடுவாரா? அந்த வாக்குவாதத்துக்கு நடுவே தொலைபேசியை எடுக்க முடியாது. அதனால் பொங்கலுக்கு முன்பே டீச்சரிடம் சொல்லிவிடுவேன்: அவசரமென்றால் மனைவிக்கு, அவர் பணியில் இருந்தால் என் அம்மாவுக்கு.

பள்ளி வாசலுக்குத் தினமும் போகிறவர் என் அம்மா, அதாவது மகளின் அப்பாயிதான். அவர் கொண்டுவரும் செய்தியில் பாதி டீச்சர் சொன்னது, பாதி அவருடைய அபிப்பிராயம். கொஞ்சம் சலித்தெடுக்க வேண்டும். ஆனாலும் மகள் தோழியோடு பேசாமல் ஒதுங்கி இருப்பது எங்கள் இருவருக்கும் முன்பே அவருக்குத் தெரிந்திருந்தது. வீட்டில் பெரியவர்கள் இருந்தால் அவர்களையும் டீச்சருக்கு அறிமுகப்படுத்துங்கள்.

கழிப்பறை, குடிநீர், ஆசிரியர் காலியிடம் போன்றவற்றை வகுப்பாசிரியருக்கு அனுப்பிப் பயனில்லை. அவர் கையில் எதுவும் இல்லை. அதற்குப் பள்ளி மேலாண்மைக் குழு இருக்கிறது. 2009ஆம் ஆண்டுக் கல்வி உரிமைச் சட்டப்படி அதில் முக்கால் பங்கு பெற்றோர், பாதிப் பேர் பெண்கள். கூட்டத்துக்குப் போக முடியாவிட்டாலும் உறுப்பினரான ஒரு பெற்றோரிடம் விஷயத்தைச் சொல்லி அனுப்பலாம்.

தனியார் பள்ளி என்றால் பெரும்பாலும் நாட்குறிப்பேடு இருக்கும். வெறும் கையெழுத்தோடு விடாமல் கீழே ஒரு வரி எழுதி அனுப்புங்கள். கையெழுத்தைச் சரிபார்க்க ஆசிரியர் அதைத் திறந்துதானே ஆக வேண்டும்.