தொழில் கேள்வி–பதில்: எந்தக் கண்காட்சியில் ஸ்டால் போடுவது?

கேள்வி: கோவை கணபதியில் மோனோபிளாக் பம்புகளுக்கான (மோட்டாரும் பம்பும் ஒன்றாக இணைந்தவை) இம்பெல்லர், அதாவது உள்ளே சுழன்று தண்ணீரைத் தள்ளும் சக்கரம், வார்த்து, கடைசல் பிடித்து, பம்பு கம்பெனிகளுக்குக் கொடுக்கிறோம். ஜூலையில் கொடிசியா வளாகத்தில் நடக்கும் அக்ரி இன்டெக்ஸ் விவசாயக் கண்காட்சியில் ஸ்டால் எடுக்கலாமா? கூட்டம் நன்றாக வரும் என்கிறார்கள்.

பதில்: கூட்டத்துக்குக் குறைவிருக்காது. ஆனால் வருகிறவர்களில் பெரும்பாலோர் விவசாயிகள். அவர்களுக்கு முழு பம்பு வேண்டும். இம்பெல்லரைத் தனியே கேட்பவர் மெக்கானிக்கும் உதிரிபாகக் கடைக்காரரும்தான். அவர்களுக்கு விற்க பிராண்டு, அட்டைப்பெட்டி, விலைப்பட்டியல் எல்லாம் வேண்டும். உங்களிடம் இருக்கிறதா?

உங்களிடம் வாங்கக்கூடிய பம்பு கம்பெனிகள் அங்கே ஸ்டால் போட்டு உட்கார்ந்திருக்கும். எனவே பார்வையாளராகப் போங்கள். முதல் நாள் காலையில், கூட்டம் சேருமுன் போவது நல்லது. கையில் இரண்டு சாம்பிள், வார்ப்பு இரும்பின் சோதனைச் சான்று (எஃப்ஜி 200 என்ற தரம் என்றால் அதற்கானது), இம்பெல்லர் அதிராமல் சுழலும் என்று காட்டும் பேலன்சிங் ரிப்போர்ட், மாதம் எத்தனை தரமுடியும் என்ற கணக்கு இருக்கட்டும். ஸ்டாலில் நிற்பவர்கள் விற்பனை ஆட்கள். அவர்களிடம் விலை பேசி நேரத்தை வீணாக்காமல், பர்ச்சேஸ் மேனேஜரின் பெயரையும் எண்ணையும் வாங்கி வாருங்கள்.

வேறு கண்காட்சியில் ஸ்டால் போடுவதானாலும், அமைப்பாளர் சொல்லும் தலைக்கணக்கை நம்பிப் பணம் கட்டாதீர்கள். கல்லூரி மாணவர்களும் அதில் சேர்த்தி. வந்தவர்களின் தொழில், பதவிவாரியான விவரம் கேளுங்கள். முந்தைய இரண்டு முறை பங்கேற்றோர் பட்டியலை எடுத்து, ஒருமுறை போட்டு மறுமுறை போடாத உதிரிபாகத் தயாரிப்பாளர்கள் நாலைந்து பேரைப் போனில் பிடியுங்கள். ஏன் விட்டார்கள் என்று அவர்கள் சொல்வது எந்த விளம்பரக் கையேட்டிலும் இருக்காது.

கேள்வி: பம்பை ஓடவிட்டுக் காட்ட வேண்டும். 3×3 மீட்டர் ஸ்டால் போதுமா? வாடகைக்கு மேல் என்ன செலவு?

பதில்: வாடகைக்கு 18% ஜிஎஸ்டி உண்டு. மூன்று பக்கத் தடுப்பு, பெயர்ப்பலகை, ஒரு மேசை, இரண்டு நாற்காலி, சில விளக்குகள், ஒரு பிளக் பாயின்ட்: பொதுவாக ஷெல் ஸ்டாலில் (அமைப்பாளரே தடுப்பு போட்டுத் தரும் ஸ்டால்) கிடைப்பது இவ்வளவுதான். அந்தப் பிளக்கில் த்ரீ பேஸ் மோட்டார் ஓடாது. எத்தனை கிலோவாட் என்று முன்கூட்டியே எழுதிக் கொடுத்துத் தனியே பணம் கட்ட வேண்டும். தண்ணீர் தொட்டி வைக்கவும் வடிக்கவும் அனுமதி கேட்க வேண்டும். 9 சதுர மீட்டரில் தொட்டி, பம்பு, மேசை வைத்தால் ஆள் நிற்க இடமிருக்காது. 18 சதுர மீட்டர் எடுங்கள், அல்லது பம்பைக் குறுக்கே வெட்டிய மாடலை வையுங்கள்.

உத்யம் பதிவுள்ள (மத்திய அரசின் குறு, சிறு, நடுத்தரத் தொழில் பதிவு) குறு, சிறு நிறுவனங்களுக்கு ஸ்டால் வாடகையில் மானியம் தரும் மத்திய அரசுத் திட்டம் உண்டு. எல்லாக் கண்காட்சிக்கும் பொருந்தாது. முன்பணம் கட்டுமுன் மாவட்டத் தொழில் மையத்தில் கேட்டுவிடுங்கள்.