செங்காங்கில் வீடு இருக்க விடுதி எதற்கு?

அக்கா, போன வாரம் நீங்களும் அண்ணனும் வந்துபோனதிலிருந்து, விடுதி எதற்கு என்ற உங்கள் கேள்விதான் மனதில் ஓடுகிறது. உங்கள் மகள் ஏ லெவல் தேர்வில் நன்றாகவே செய்திருக்கிறாள், என்யுஎஸ்ஸில் (சிங்கப்பூர் தேசியப் பல்கலைக்கழகத்தில்) புவியியல் படிக்க ஆசைப்படுகிறாள், வளாகத்திலேயே தங்கவும் கேட்கிறாள். உங்கள் தம்பியோ, "சட்டம் படித்தால் விடுதிக்குக் காசு போடலாம், புவியியலுக்கு எதற்கு?" என்கிறார். கவலைப்படாதீர்கள் என்று அன்றைக்குச் சொல்லி அனுப்பினேன். இப்போது கொஞ்சம் சண்டை போடப்போகிறேன்.

படிப்பு பெரிதென்றால்தான் விடுதி என்பது என்ன கணக்கு? சட்டத்தில் அவளுக்குக் கொஞ்சமும் நாட்டமில்லை, அதை அவளே உங்கள் முன்னால்தான் சொன்னாள். கல்யாண வீட்டில் மாமா பெருமையாகச் சொல்லிக்கொள்ள ஒரு பட்டம் வேண்டும் என்பதற்காக அவள் நாலு வருடத்தைக் கொடுக்க முடியாது. புவியியல் படித்தவர்கள் நகரத் திட்டமிடல், போக்குவரத்து, பூங்காக்கள், பள்ளிக்கூடம் என்று பல இடங்களில் இருக்கிறார்கள், அதை இதோடு விடுகிறேன்.

விடுதி விஷயத்துக்கு வருவோம். ஹால்கள் எனப்படும் வழக்கமான மாணவர் விடுதிகள், வெளியில் வாடகை அறை, இதெல்லாம் உங்களுக்குத் தெரிந்ததே. பலர் கவனிக்காமல் விடுவது என்யுஎஸ்ஸின் யூடவுன் வளாகத்தில் இருக்கிற உறைவிடக் கல்லூரிகள். பழைய வாரன் கோல்ஃப் மைதானம் இருந்த இடத்தில் 2011இல் திறந்தார்கள், ஏஒய்இ விரைவுச்சாலைக்கு மேலே ஒரு பாலம் அதைப் பிரதான வளாகத்தோடு சேர்க்கிறது. தெம்புசு, ஆலிஸ் அண்ட் பீட்டர் டான், ஆர்சி4 ஆகிய உறைவிடக் கல்லூரிகள் எல்லாம் அங்கேதான். (தெம்புசு வேறொன்றுமில்லை, நம் ஐந்து வெள்ளி நோட்டில் நிற்கிற மரம்.)

இவை வெறும் படுக்கை வாடகைக்கு விடுகிற இடங்கள் அல்ல. பேராசிரியர்கள் சிலர் அதே கட்டடத்தில் குடியிருப்பார்கள், சில பாடங்கள் அங்கேயே, சின்ன வகுப்பாக, கேள்வி கேட்டு வாதம் செய்து நடக்கும். அவை பட்டத்தின் பொதுப் பாடங்களுக்குப் பதிலாகக் கணக்கில் சேரும், கூடுதல் சுமையாக வராது. ஆர்சி4இன் மையப்பொருள் அமைப்புச் சிந்தனை, அதாவது ஒன்று மாறினால் மற்றவை எப்படி மாறும் என்று பார்ப்பது, வெள்ளத்தையும் போக்குவரத்தையும் பற்றி ஓயாமல் பேசுகிற உங்கள் பெண்ணுக்கு அதைவிடப் பொருத்தமானது எனக்குத் தெரியவில்லை. பக்கத்து அறையில் பொறியியல் மாணவி இருப்பாள், எதிர் அறையில் வணிகம் படிக்கிறவள், இரவு உணவுக்கு எல்லோரும் ஒரே கூடத்தில் உட்கார்வார்கள். படிக்க இருபத்து நாலு மணி நேரமும் திறந்திருக்கிற இடம் உண்டு, நீச்சல் குளமும் உண்டு, ஆனால் குளத்துக்காக யாரும் அங்கே போகக் கூடாது.

அப்புறம் நேரம். செங்காங்கில் ரயில் ஏறி, சிராங்கூனில் வட்டப் பாதைக்கு மாறி, கெண்ட் ரிட்ஜில் இறங்கி உள்பேருந்து பிடித்தால் வீட்டு வாசலிலிருந்து வகுப்பு வாசல் வரை ஒன்றேகால் மணி நேரத்துக்குக் குறையாது. போக வர இரண்டரை. அந்த நேரம் மிச்சமானால் அவள் தூங்கலாம், படிக்கலாம், சும்மாகூட இருக்கலாம்.

செலவு விஷயத்தில் மட்டும் நான் கண்ணை மூடிக்கொள்ள மாட்டேன். மத்திய சேம நிதியில் (சம்பளச் சேமிப்பான சிபிஎஃப்பில்) கடன் எடுத்துக் கட்டலாம் என்றார் அண்ணன், அது கல்விக் கட்டணத்துக்கு மட்டும்தான், விடுதிக்கு ஆகாது. கல்விக் கட்டணக் கடனும் அப்படியே, கட்டணத்தில் 90 சதவீதம் வரைதான். வருமானம் குறைவான குடும்பங்களுக்குப் படிப்புக் கடனில் வாழ்க்கைச் செலவுப் படி ஒன்று உண்டு, உதவிநிதியும் உண்டு, பல்கலைக்கழக நிதியுதவி அலுவலகத்தில் முதலில் கேளுங்கள். வாடகையோடு காலை, இரவு உணவுத் திட்டமும் கட்டாயம், வேண்டாம் என்று கழிக்க முடியாது. ஏசி இல்லாத அறை மலிவு, அதையே கேட்கட்டும். இவ்வளவுக்குப் பிறகும் நகையை அடகு வைத்தால்தான் முடியும் என்றால் வேண்டாம், முதல் வருடம் வீட்டிலிருந்தே போகட்டும்.

இன்னொன்று, பல்கலைக்கழகத்தில் இடம் கிடைத்தால் உறைவிடக் கல்லூரி இடமும் தானாகக் கிடைத்துவிடாது, தனியாக விண்ணப்பிக்க வேண்டும். அந்த விண்ணப்பத்தை அவளே எழுதட்டும், நீங்கள் திருத்த உட்காராதீர்கள். அதற்கு முன்னால் ஒரு மாலை யூடவுன் போய், அங்கே சாப்பிட்டு, பிள்ளைகளோடு பேசிவிட்டு வரட்டும். தனியாகத்தான், அக்கா. பிடிக்கவில்லை என்று திரும்பி வந்தாலும் சரிதான்.