ஆரம் வங்கியில், புத்தகம் கட்டிலுக்கு அடியில்

கேள்வி: ஐயா, எனக்கு வயது 41. தஞ்சாவூரில் ஒரு தனியார் பள்ளி அலுவலகத்தில் வேலை. சம்பளம் 32 ஆயிரம். கணவர் எலக்ட்ரிகல் கடை வைத்திருக்கிறார். இரண்டு பிள்ளைகள். ஆறு வருஷமாக நாவல் எழுதி கிண்டிலில் நானே வெளியிடுகிறேன். ஏழு மின்னூல்கள், மாதம் சராசரியாக 5 ஆயிரம் வருகிறது. அவற்றில் மூன்றை 500 பிரதி வீதம் அச்சும் போட்டேன். அதற்காக அம்மா போட்ட ஆரத்தை வங்கியில் வைத்தேன். கடன் இப்போது 1,35,000. வருஷா வருஷம் வட்டியைக் கட்டித் திருப்பி வைக்கிறேன். அடுத்த நாவல் தேயிலைத் தோட்டத்தில் நடக்கிறது. மே மாதம் டார்ஜிலிங் போனால் பிள்ளைகளின் ஆசையும் தீரும், எனக்கும் இடம் பார்த்தது போலாகும். நாலு பேருக்கு 1,45,000 கேட்கிறார்கள். கிரெடிட் கார்டில் 12 மாத வட்டியில்லாத் தவணை உண்டாம். மாதம் 12 ஆயிரத்தைப் பல்லைக் கடித்துக்கொண்டு கட்டிவிடுவேன். பயணச் செலவை வருமான வரியில் கழிக்கலாம் என்கிறாள் தோழி. சேமிப்பில் 40 ஆயிரம் இருக்கிறது. போகலாமா? நாலாவது புத்தகத்துக்கும் ஜனவரிக்குள் பணம் வேண்டும்.

பதில்: சகோதரி, டார்ஜிலிங் ஆசையில் தப்பே இல்லை. உங்களைக் கடிக்கிற பூச்சி கடிதத்தின் கடைசி வரியில் இருக்கிறது.

நீங்கள் இணைத்திருந்த நோட்டுப் பக்கத்தை இரண்டு முறை படித்தேன். முதல் புத்தகத்துக்கு 38 ஆயிரம், இரண்டாவதுக்கு 45, மூன்றாவதுக்கு 52. மூன்றும் ஒரே ஆரத்தின் மேல். எப்படி முடிந்தது? ஒவ்வொரு தடவை திருப்பி வைக்கப் போனபோதும் தங்கம் விலை ஏறியிருந்தது. அதே நகைக்கு வங்கி கூடுதலாகக் கொடுத்தது. ‘நகைக்கு மதிப்பு கூடியிருக்கு, இன்னும் தரலாம்மா’ என்று கவுன்ட்டரில் சொன்னபோது சந்தோஷமாக இருந்தது என்று எழுதியிருக்கிறீர்கள். அந்த இடத்தில்தான் எனக்குப் பகீரென்றது. விலை ஏறியதில் உங்களுக்கு ஒரு பைசா வரவில்லை. கடன்தான் ஏறியது.

கணக்கைத் தோராயமாகப் போடுவோம். அச்சிட்டது 1,500. விற்றது 540. கடைக்காரர் கழிவு, புத்தகக் காட்சித் தள்ளுபடி எல்லாம் போகப் பிரதிக்கு 130 ரூபாய் கைக்கு வந்தது என்றால் 70 ஆயிரம். போட்டது 1,35,000. பள்ளம் 65 ஆயிரம். வட்டியைப் 10 சதவீதம் என்று வைத்தால், முதல் தொகைக்கு மூன்று வருஷம், அடுத்ததற்கு இரண்டு, கடைசிக்கு ஒன்று என்று இன்னொரு 25 ஆயிரம். ஆக 90 ஆயிரம். டார்ஜிலிங் செலவில் மூன்றில் இரண்டு பங்குக்குச் சற்றே குறைவு. கட்டிலுக்கு அடியில் 750 பிரதிகளாகப் பழுப்புத் தாள் சுற்றிக் கிடக்கிறது.

அச்சிட்டதில் 210 பிரதி சும்மா கொடுத்தது. ‘புத்தகம் போட்டியாமே, எனக்கு ஒண்ணு கையெழுத்துப் போட்டுக் குடு’ என்று நாத்தனார் கேட்டால் மறுக்க முடியாதுதான். ஆனால் அவர் தோழிகளுக்கும் சேர்த்துப் பத்து வாங்கிப் போயிருக்கிறார். பிரதிக்கு 90 ரூபாய் அடக்கம் என்றால் 210 பிரதிக்கு 19 ஆயிரம். மொய் எழுதினால்கூட என்றாவது திரும்பி வரும். அடுத்த முறை, ‘வெளியீட்டன்று வாங்க அண்ணி, முதல் பிரதி உங்களுக்குத்தான்’ என்று சொல்லுங்கள். ஒரு பிரதி. மற்றவர்களுக்கு விலையைச் சொல்லக் கூச்சப்படாதீர்கள். ராத்திரி பதினோரு மணிக்கு மேல் கண் எரிய உட்கார்ந்து எழுதியது நீங்கள்.

காகிதத்தில் வந்தால்தான் எழுத்தாளர் என்று மதிக்கிறார்கள் என்ற உங்கள் வருத்தம் எனக்குப் புரிகிறது. அச்சை விடச் சொல்லவில்லை. கடன் வாங்கி 500 போடுவதை விடச் சொல்கிறேன். பி.ஓ.டி. முறையில், அதாவது தேவைக்கேற்ப மட்டும் அச்சிடும் முறையில், 50 பிரதி போடுங்கள். ஒன்றுக்கு 130 ஆகட்டும், மொத்தமாக அடிக்கும் ஆஃப்செட்டைவிடக் கூடுதல்தான், மொத்தம் 6,500. அச்சகத்துக்குக் கோப்பு அனுப்பும் முன்பே வாசகர்களிடம் முன்பதிவு கேளுங்கள். 240 ரூபாய் வீதம் 28 பேர் கட்டினால் அச்சுச் செலவு வந்துவிடும். தபாலைத் தனியாக வாங்கிக்கொள்ளுங்கள். 28 பேர் சேரவில்லையா, அந்தப் புத்தகம் இன்னும் கொஞ்ச நாள் கிண்டிலிலேயே இருக்கட்டும். சென்னைப் புத்தகக் காட்சி ஜனவரிதோறும் வரும்.

40 ஆயிரம் கட்டினால் விளம்பரமும் விருதும் வாங்கித் தருகிறோம் என்ற பேக்கேஜ் பற்றியும் ஒரு வரி எழுதியிருந்தீர்கள். காசு கொடுத்து வாங்கும் விருதால் ஒரு பிரதிகூடக் கூடுதலாக விற்காது. விடுங்கள்.

வட்டியில்லாத் தவணை என்பதும் அப்படியே. வங்கி வட்டி போடத்தான் செய்கிறது; விற்பவர் அதைத் தள்ளுபடியாகக் கழிக்கிறார். அந்த வட்டியின் மேல் 18 சதவீத ஜி.எஸ்.டி.யும், பிராசஸிங் கட்டணம் இருந்தால் அதுவும் உங்கள் தலையில். ரொக்கமாகக் கட்டினால் கிடைத்திருக்கும் குறைப்பும் போச்சு. ஜூனில் பள்ளி ஃபீஸ் வரும்போது ஒரு மாதம் பில் தவறினால், கார்டு வட்டி மாதம் 3 சதவீதத்துக்கு மேல்.

‘லீவில் நிறையப் பேர் படிப்பார்கள், அந்தப் பணம் வரும்’ என்ற நம்பிக்கையும் தெரிகிறது. கிண்டில் பணம் மாதம் முடிந்து ஏறத்தாழ 60 நாள் கழித்துத்தான் வருகிறது, உங்களுக்கே தெரியும். ஏப்ரலில் படிப்பது ஜூன் கடைசியில், மே மாதம் படிப்பது ஜூலை கடைசியில். மே மாதப் பயணத்துக்கு அது உதவாது.

தோழி சொன்ன வரி விஷயம்: புதிய முறையில் 12 லட்சம் வரை வரி இல்லை. சம்பளமும் ராயல்டியும் சேர்ந்தே உங்களுக்கு ஐந்து லட்சத்தைத் தாண்டவில்லை. கட்டாத வரியில் எதைக் கழிப்பது?

பல்லைக் கடித்துக் கட்டுவேன் என்றீர்களே, அந்த 12 ஆயிரத்தை நகைக்கடனுக்குக் கட்டுங்கள். பன்னிரண்டு மாதத்தில் அசலும் வட்டியும் தீர்ந்து ஆரம் வீட்டுக்கு வந்துவிடும். இடையில் விலை ஏறி வங்கி எவ்வளவு தருகிறேன் என்றாலும் வாங்காதீர்கள். மகளுக்கு 14 வயது என்று எழுதியிருக்கிறீர்கள். அந்த ஆரம் யாருக்கு என்று நான் சொல்ல வேண்டியதில்லை. மாதம் வரும் ராயல்டி 5 ஆயிரத்தையும் இதில் கலக்காமல் ஆர்.டி.யில் போடுங்கள். வருஷத்தில் 60 ஆயிரம், அதுதான் டார்ஜிலிங் பணம். அடுத்த கோடைக்குப் போதாது, அதற்கடுத்த கோடைக்குக் கடனில்லாமல் போகலாம். ரயிலுக்கு முன்பதிவு 60 நாளுக்கு முன்னால்தான் திறக்கும். மார்ச்சில் நினைவு வையுங்கள்.

இந்த மே மாதம் பிள்ளைகளை ஏமாற்றச் சொல்ல மாட்டேன். சேமிப்பில் 15 ஆயிரம் எடுத்து மூன்று நாள் வால்பாறை போய் வாருங்கள். பொள்ளாச்சியில் பஸ் ஏறினால் ஆழியாறு தாண்டி 40 கொண்டை ஊசி வளைவு. பெரியவனை ஜன்னல் ஓரம் உட்கார வையுங்கள். உங்கள் நாவலுக்கும் அங்கே வேலை இருக்கிறது. கொழுந்து பறிக்கிற அம்மாக்கள் தமிழில் பேசுவார்கள். எத்தனை மணிக்கு எடை போடுகிறார்கள், அட்டைக்கடிக்குக் காலில் என்ன தடவுகிறார்கள் என்று நீங்களே கேட்டு எழுதிக்கொள்ளலாம். டார்ஜிலிங்கில் அதற்கு ஒரு மொழிபெயர்ப்பாளர் வேண்டும்.

திங்கள்கிழமை முதல் வேலையாக வங்கிக்குப் போய், ஆரம் திருப்ப வேண்டிய கடைசித் தேதியைக் கேட்டுக் குறித்துக்கொள்ளுங்கள். அன்றே முதல் 12 ஆயிரத்தைக் கட்டி, அதில் வட்டிக்கு எவ்வளவு, அசலுக்கு எவ்வளவு போனது என்று ரசீதில் பார்த்து வாங்குங்கள்.